மயில் இருந்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் அச்சகத்தில் எல்லோரும் அவரவர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தோம். சிவகாசி முழுக்க அன்றைக்கு மையைவிட மண்ணெண்ணெய் வாடைதான் தூக்கலாக இருக்கும். ஆப்செட் மெஷின் ஓட்டுகிற நான் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். டிசைன் போடும் அக்கா தன் கம்ப்யூட்டரையும் துடைக்கச் சொல்லிவிட்டு விருதுநகர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

வெளியே துடைத்தேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டியதில் அரை முறுக்கு உதிர்ந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளேயும் சுத்தம் செய்வோமே என்று சி டிரைவைத் திறந்து, மறைந்திருக்கும் ஃபைல்களையெல்லாம் வெளியே வரவழைத்தேன். யாரும் செய்து வைக்காத இரண்டு ஃபைல்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. 'இது சிஸ்டம் ஃபைல், அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. அழி என்றேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கம்ப்யூட்டர் ஒன்றும் ஆகாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

விஜயதசமி காலை, நல்ல நேரம் பார்த்து முதலாளி அண்ணாச்சி சூடம் காட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார். அக்கா சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. 'என்.டி.எல்.டி.ஆர். காணவில்லை.' நான் அழித்த இரண்டில் ஒன்றின் பெயர் அது. எந்தப் பட்டனைத் தட்டினாலும் மறுபடி அதே வரி.

"என் மயிலு உள்ள இருக்கே" என்றார் அக்கா.

வத்தல் மண்டிக்காரர் ஒருவரின் காலண்டர் அட்டைக்கான மயில் அது. தோகையை ஒவ்வோர் இறகாக வெட்டி முருகன் படத்தோடு சேர்க்க அக்காவுக்குப் பத்து நாள் ஆனது. வேறெங்கும் காப்பி இல்லை. மண்டிக்காரர் மத்தியானம் பார்க்க வருகிறார், பிடித்தால்தான் ஆர்டர்.

அக்கா சர்வீஸ் கடைக்குப் போன் போட்டார். கேட்கக் கேட்க முகம் வாடியது.

"வைரஸ்னா எம்புட்டு ஃபைல் போயிருக்கோன்னு தெரியாதாம். மொத்தமா அழிச்சுட்டுத்தான் விண்டோஸ மறுபடி ஏத்தணுமாம்."

"வைரஸ் இல்லக்கா. நான்தான் அழிச்சேன்."

"வெளாடாதலே."

"சத்தியமாக்கா. ரெண்டே ரெண்டு ஃபைலு."

"போன வாரம் மவுசுக்குத் தவிடு வைக்கணும்னும் சத்தியந்தான் பண்ணுன."

போனை வாங்கி, இரண்டாவது ஃபைலின் பெயரையும் கடைக்காரரிடம் சொன்னேன். என்.டி.டிடெக்ட். அந்தப் பெயர் திரையிலேயே இல்லை; அழித்தவனுக்குத்தான் தெரியும். அவர் சிரித்த சிரிப்பு அக்காவுக்கும் கேட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அந்த ரெண்டுதான்னா பயமில்ல, விண்டோஸ் எக்ஸ்பி சீடியிலயே இருக்கு" என்றார் கடைக்காரர். "சீடியப் போட்டு ஆரம்பிங்க. என்டர் அமுக்கச் சொல்லும், அமுக்கிராதீக. பழுது பாக்க ஆர் அமுக்குங்க."

அமுக்கினோம். பாஸ்வேர்டு கேட்டது. வைத்ததே இல்லை, சும்மா என்டர். பிறகு சீடியிலிருந்து முதல் ஃபைலைச் சி டிரைவுக்குக் காப்பி செய்யும் வரியை அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் அடித்தேன். அக்கா என்டர் பட்டனைக் கையால் மூடிக்கொண்டு, வரியை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் கையை எடுத்தார். ஒரு ஃபைல் காப்பி ஆனது என்று வந்தது. அடுத்ததும் ஆனது. சீடியை எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.

விண்டோஸ் பாட்டு கேட்டதும் அக்கா மயிலைத் திறந்தார். படத்தைப் பெரிதாக்கித் தோகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்திப் பார்த்தார். பிறகு ஒரு வெறும் சீடியில் ஏற்றி, அதைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மயிலு முழுசா இருக்கு. இங்கன நிக்காத, போ" என்றார்.

போவதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். "என்னம்மா, என்ன கோளாறு?"

அக்கா என்னைப் பார்க்கவேயில்லை.

"ரெண்டு ஃபைலக் காணோம் அண்ணாச்சி. இப்பக் கெடச்சிருச்சு. மண்டிக்காரக வந்தா உள்ள அனுப்புங்க."