பயிர்த் தெய்வத்துக்குப் பதினொரு வாத்தியம்

குற்றாலத்தில் சாரல் காலத்துக்கு வந்து தங்கும் துரைமார்களின் வாத்தியக் குழுவில் எனக்கு இடம் கிடைத்தது தற்செயலாகத்தான். இரண்டாவது வயலின் வாசித்துக்கொண்டிருந்த துரைசானிக்கு அருவிப் படியில் வழுக்கிக் கை பிசகிவிட்டது. தென்காசிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வயலின் வாசிப்பாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வில்வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. முப்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது.

குழுவை நடத்தியவர் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு ஜட்ஜ் துரை. ஒருநாள் ஒத்திகை முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர் மனைவி கிராமபோனில் ஒரு புதிய இசைத்தட்டைப் போட்டார். ஒரு கிரேக்கக் கதையைப் பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதியிருந்தார்கள். எழுதியவர் இன்னும் உயிரோடு இருக்கிறாராம். கதையையும் அந்த அம்மாளே சொன்னார். பாதாளத்து அரசன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவளைப் பெற்றவள் பயிர்களுக்கெல்லாம் தெய்வம். மகள் வரும்வரை ஒரு விதையும் முளைக்காது என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறாள்.

தேநீர் என் கையிலேயே ஆறிப்போனது. என் அக்காளை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். இரண்டு வருஷம் அவர்கள் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. கடிதத்துக்குப் பதிலும் இல்லை. என் அம்மா தனியாகப் புறப்பட்டுப் போய் அவர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தாள். சோறும் தொடவில்லை, தண்ணீரும் தொடவில்லை. மூன்றாம் நாள் அக்காள் கையில் ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்தாள். பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இசைத்தட்டில் அந்தத் தாய்க்கு வெறும் அழுகைதான் இருந்தது. அவள் அழுதிருக்கமாட்டாள் என்று எனக்குப் பட்டது. அந்த ஆத்திரத்தில் அதே கதைக்கு நானே இசை எழுத உட்கார்ந்தேன். பள்ளி விட்டு வந்து தினமும் எழுதினேன். ஐந்து வாரத்தில் இருபத்திரண்டு பக்கம் ஆயிற்று. கொண்டுபோய் ஜட்ஜ் துரையிடம் கொடுத்தேன்.

அவர் நின்றபடியே நாலு பக்கம் புரட்டினார். “உங்கள் நாட்டில் தெய்வங்களுக்குப் பஞ்சமா? கிரேக்கர்களை எங்களுக்கு விட்டுவிடு” என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார்.

“கிரேக்கர்கள் உங்கள் ஊர்க்காரர்களும் இல்லையே, சார்” என்றேன்.

சிரிப்பு நின்றது. மறுநாள் வில்வண்டி வரவில்லை.

அழுதேனா என்று கேட்டால், அழுதேன். ஒரு சாயங்காலம். அடுத்த நாள் காகிதக்கட்டைத் தூக்கிக்கொண்டு தென்காசி பாண்டு செட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். கல்யாண ஊர்வலங்களில் கிளாரினெட் வாசிக்கிற அண்ணாச்சி அவர். வயது ஐம்பதுக்கு மேல். நான் கதை சொல்லச் சொல்ல வெற்றிலையை மெல்லாமல் வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

“கடைசில பிள்ள கெடச்சுதா இல்லியா, டீச்சரம்மா? அதச் சொல்லுங்க. வாசிக்கதுக்குத் தெரியணும்லா?”

“பாதி வருஷம் அம்மாகிட்ட, பாதி வருஷம் பாதாளத்துல. அப்படிப் பேசி முடிச்சிருதாங்க.”

“பாதியா?” வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “அந்த அம்மை அதுக்கு எப்படிச் சம்மதிச்சா? முழு வயித்துல சுமந்துட்டுப் பாதிப் பிள்ளைய வாங்கிட்டுப் போவாளா?”

என் காகிதத்திலும் முடிவு சமாதானமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கடைசி நாலு பக்கத்தைக் கிழித்தேன். புதிய முடிவில் எல்லா வாத்தியமும் தணிந்து சமாதானம் பேசும். பெரிய டிரம் மட்டும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கும், மாட்டேன், மாட்டேன் என்று. மற்ற வாத்தியங்கள் ஓய்ந்த பிறகும் அது ஓயாது.

பதினொரு பேர் சேர்ந்தோம். கோயில் தெருக்காரர்களும் சர்ச்சுக்காரர்களும் கலந்த கூட்டம். வயலின் மூன்று, கிளாரினெட் மூன்று, பட்டாளத்திலிருந்து திரும்பியவர் ஒருவரின் கார்னெட் என்கிற சின்ன எக்காளம், அடித்தொண்டையில் முழங்கும் பெரிய பித்தளைக் குழல் ஒன்று, டிரம் இரண்டு. ஆர்மோனியத்தில் என் அக்காள். இங்கிலீஷ் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத கிளாரினெட்காரர்களுக்காக எல்லாவற்றையும் ச ரி க ம-வில் மறுபடி எழுதினேன்.

செய்தி பரவியதும் பாதிரியார் வீட்டுக்கு வந்தார். சர்ச்சில் வயலின் வாசிக்கிற கை அந்நிய தெய்வத்துக்கு வாசிக்கலாமா என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள்.

“அது தெய்வமோ பேயோ, எனக்குத் தெரியாது ஐயா. பிள்ளையக் கேட்டு உக்காந்தவ. நானும் உக்காந்தவதான். என்னைய சபையிலருந்து எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க.”

அவர் மோரைக் குடித்துவிட்டுப் போனார். எடுக்கவில்லை.

நாடகக் கொட்டகையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசித்தோம். நூறு பேர் வந்திருப்பார்கள். பாதிப் பேருக்கு என்ன நடக்கப்போகிறது என்றே தெரியாது. பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும் பகுதியில் கார்னெட் சீறியபோது கூட்டம் நிமிர்ந்தது. ஆனால் தாய் தேடி அலையும் மெல்லிய பகுதி வந்ததும் வெளியே சாரல் வலுத்துவிட்டது. தகரக் கூரையில் மழை இறங்கிய சத்தத்தில் என் வயலின் எனக்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், “போதும், சினிமாப் பாட்டு வாசிங்கலே!” என்று கத்தினான்.

அண்ணாச்சி எழுந்தார். வாசிப்பை நிறுத்தாமலே மேடையைவிட்டு இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, கத்தியவன் காதருகே போய் நின்று வாசித்தார். நானும் இறங்கினேன். வயலின்கள் எல்லாம் இறங்கின. தாய் அந்தக் கொட்டகை முழுக்க ஆள் ஆளாகப் பார்த்துத் தேடியதுபோல் ஆகிவிட்டது. நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது.

முடிவில் டிரம்காரர் நான் சொன்னதைவிட அதிக நேரம் அடித்தார். கைதட்டுவதா வேண்டாமா என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. முதலில் பெண்கள் பக்கத்திலிருந்துதான் சத்தம் வந்தது.

அந்த வருஷம் இன்னும் இரண்டு இடத்தில் வாசித்தோம். பிறகு பாண்டு செட்டுக்காரர்கள் என்னைக் கேட்காமலே அந்தத் தேடல் பகுதியைக் கல்யாணங்களில், பெண் புகுந்த வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் வாசிக்க ஆரம்பித்தார்கள். இலத்தூரில் ஒரு கல்யாணத்தில் நானே நின்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்து, “என்னவே இது, எழவு வீட்டுச் சத்தம்? நிறுத்தும்வே!” என்றார்.

பெண்ணின் தாய் அண்ணாச்சியைப் பார்த்து, “வாசிங்க” என்றாள். மணப்பெண் வண்டியில் ஏறிய பிறகும் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.