கடைசிக் கண்ணி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் இலங்கையில் கற்பிட்டிக் கரையில், தலவிலப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். மருமகள் ரெஜினாதான் கடதாசியைத் தந்து, "மாமி, அந்தப் பை கதைய எழுதுங்க, சங்கத்து ஆண்டு மலருக்குக் குடுப்போம்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெயர்களும் மாதங்களும் இப்போது எனக்குக் கலந்து போகின்றன. வசனம் கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நோர்வேக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காத விஷயம் பெண்களின் கைகள். பஸ்ஸில் இருந்தாலும் பின்னுகிறார்கள். டொக்டரிடம் காத்திருக்கும்போதும் பின்னுகிறார்கள். கோயிலில் பாதர் பிரசங்கம் வைக்கும்போதுகூட ஒருத்தி மடியில் கம்பளி நூலை வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் அப்படிச் செய்தால் பூசை முடிய முந்தியே கதை ஊரெல்லாம் போய்விடும். இங்கே பாதர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடர்ந்தார். அவள் ஒரு தடவைகூடக் கையைப் பார்க்கவில்லை. கண் பாதரிடம், விரல் நூலில். வலை பின்னுகிற வீட்டில் பிறந்த எனக்கே அது பெரிய அதிசயமாக இருந்தது.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் வந்தேன். மூத்த மகன் அன்ரன் அதற்கு முந்தியே வந்து, வடக்கு முனையில் ஒரு மீன் பக்டரியில் மீன் வெட்டுகிற வேலை எடுத்திருந்தான். என் வீட்டுக்காரர் காலமான பிறகு என்னையும் கூப்பிட்டுக்கொண்டான். இளையவன் சீலன் வரமாட்டேன் என்று ஊரிலேயே நின்றுவிட்டான். "உங்கட பனிக்க எனக்கென்ன வேல? எனக்கு வள்ளம் இருக்கு" என்றான். இங்கே கடல் இருக்கிறது, மீன் மணம் இருக்கிறது, விடிய எஞ்சின் சத்தமும் கேட்கிறது. ஆனால் மாரியில் மத்தியானத்திலேயே இருட்டு. கரையில் மணல் இல்லை, கல்தான். கண்ணை மூடினால் கற்பிட்டி, திறந்தால் யாரோ மீனையும் மனிதரையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றி வைத்ததுபோல் இருக்கும்.

பக்கத்து வீட்டில் பெரித் என்று ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். புருஷன் ஆழ்கடலுக்குப் போகிறவர். அவள் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவளுக்கு வராது. அன்ரன் வீட்டில் நின்றால் மொழிபெயர்ப்பான். நிற்காவிட்டால் கோப்பியும் சிரிப்பும்தான். ஒருநாள் அவள் ஒரு சின்னக் கம்பளித் துண்டைக் காட்டினாள். தளர்வாகப் பின்னியது. கண்ணிக்குள் என் சுண்டுவிரல் போய்வந்தது. அதை வெந்நீரில் போட்டுச் சவுக்காரம் தேய்த்து, உரசி, பிழிந்து, திரும்பவும் உரசினாள். பிறகு என் கையில் வைத்தாள். கண்ணிகளைக் காணவில்லை. துண்டு பாதியாகச் சுருங்கி, ஆட்டுத் தோல்மாதிரித் தடித்துக் கிடந்தது. கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டினாள், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அதற்குத் தோவிங் என்று பெயர் சொன்னாள்.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் எதையும் இளக்கித்தான் விடும். கயிறு உக்கும், பலகை ஊதும், அந்தக் காலத்துப் பருத்தி வலை நூல்நூலாகப் போகும். இங்கே தண்ணீர் போய்க் கட்டிப்போடுகிறது! ஆண்டவர் ஒரே தண்ணீருக்கு இரண்டு குணம் வைத்திருக்கிறாரே என்று நெஞ்சுக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெரித் சாம்பல் நிறக் கம்பளி நூலும் வட்டமாக வளைந்த கம்பியும் தந்து, ஒரு கைப்பை பின்னச் சொன்னாள். அடியைப் பின்னிக் காட்டி, இனிச் சுற்றிச் சுற்றி மேலே போ என்று விரலால் வட்டம் போட்டாள். பெரிதாக, தளர்வாகப் பின்ன வேண்டும், வெந்நீர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

பை முழங்கை நீளம் வந்திருந்தபோது ஊரிலிருந்து டெலிபோன் வந்தது. முதலாளி கடையிலிருந்து சீலனின் மனைவி கதைத்தாள். "மாமி, அவர் கடலுக்குப் போய் இன்னும் வரல்ல. நேவிக்காரனுட்டக் கேட்டும் ஒண்டும் தெரியல்ல." அதற்குமேல் அழுகைதான் கேட்டது. அந்தக் காலத்தில் கடல் எங்கள் கடலாக இருக்கவில்லை. பாஸ் வேண்டும், சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும், எல்லை தாண்டினால் எந்தப் பக்கத்துச் சூடு விழும் என்று தெரியாது. போனவன் வராவிட்டால் எதையும் நினைக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வள்ளம் கடலில் நிற்கும்போது, கரையில் பின்னுகிற வலையின் கடைசிக் கண்ணியை மூடமாட்டோம். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு தடவை அப்பா பிந்திவிட்டார். காற்று மோசம். அம்மா வலையை முடிக்கிற நிலைக்கு வந்துவிட்டாள். ஆனால் முடிக்கவில்லை. மர ஊசியில் புது நூலைச் சுற்றிக்கொண்டு, தேவையில்லாத கண்ணிகளைப் போட்டுக்கொண்டே இருந்தாள். "மூடினா அவருக்கு வர வழி இல்லாமப் போயிரும் புள்ள" என்றாள். அப்பா வந்து வள்ளத்தை இழுத்த பிறகுதான் கடைசி முடிச்சுப் போட்டாள். அந்த வலை அந்தத் தடவை அளவுக்கு மிஞ்சி நீண்டுபோய், அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

நானும் அதைத்தான் செய்தேன். பை முடிகிற நீளம் வந்தது, நான் நிறுத்தவில்லை. சுற்றிச் சுற்றிப் பின்னினேன். நூல் முடிந்தால் அடுத்ததை ஒட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் அந்தப் பயத்துக்கு உருவம் வந்துவிடும்போல் இருந்தது. பை சாக்காகி, சாக்கு தலையணை உறைபோல் நீண்டது. அன்ரன் வேலையால் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது பையா, இல்லாட்டி பெரிய மீனுக்குச் சட்டையா?" என்றான். சிரிக்க வைக்கத்தான் கேட்டான். தம்பியை நினைத்து அவனும் சாப்பிடாமல்தான் திரிந்தான். பெரித் வந்து நீளத்தைப் பிடித்துப் பார்த்து, போதும், முடி என்று சைகை காட்டினாள். நான் தலையை ஆட்டி, "நை, நை" என்றேன். நோர்வேப் பாஷையில் இல்லை என்பதற்கு அதுதான் சொல்.

பெரித் அதை வேறு விதமாக எடுத்துவிட்டாள். எனக்கு முடிக்கத் தெரியவில்லை, கேட்கவும் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள். பாவம், என்னைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஒருநாள் நான் டொக்டரிடம் போன நேரம் பார்த்து வந்து, ரெஜினாவிடம் பையை வாங்கி, கடைசிச் சுற்றை மூடி, எங்கள் உடுப்புத் தோய்க்கிற மெஷினிலேயே சூட்டைக் கூட்டிப் போட்டுவிட்டாள். ரெஜினா கொழும்பில் வளர்ந்தவள், வலையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

நான் வந்தபோது மெஷின் கண்ணாடிக்குப் பின்னால் சாம்பல் நிறம் சுழன்றுகொண்டிருந்தது. பெரித் சந்தோஷமாகக் கைதட்டினாள். நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். "நிப்பாட்டு புள்ள, நிப்பாட்டு! அதை அவிழ்க்கணும்!" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"என்ன மாமி, என்ன நடந்த?" என்று ரெஜினா பதறினாள். மெஷின் கதவு பூட்டிக்கொண்டது, திறக்கவில்லை. திறந்தாலும் என்ன? பின்னலென்றால் இழுத்து அவிழ்த்துவிடலாம். வெந்நீர் கட்டியதை யாராலும் அவிழ்க்க முடியாது.

அன்ரனைக் கூப்பிட்டார்கள். பக்டரி உடுப்போடே ஓடிவந்தான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். இது எங்கள் தலவிலப் பக்கத்து வழக்கம் என்று அவன் பெரித்துக்குச் சொன்னான். அவள் முகம் வெளிறிவிட்டது. கொஞ்ச நேரம் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் நிலத்தில் என் பக்கத்தில் வந்து இருந்து, மெதுவாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றேன்.

அன்ரன் என் பக்கம் குனிந்தான். "மூடினது தன்ர கையாம், உங்கட கை இல்லயாம். ஆர் மூடினதெண்டு கடலுக்குத் தெரியுமாம். கடல் கணக்குக் கேக்கிறதா இருந்தா தன்னட்டக் கேக்கட்டுமாம்."

தன் புருஷன் கடலில் நிற்கும்போது அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னாள். எங்கள் தலவிலக் கோயில் சந்த அன்னம்மாளே என்று கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மெஷின் நின்றதும் பையை வெளியே எடுத்தாள். அவ்வளவு நீளமும் சுருங்கி, தடித்து, சூடாக, ஆவி பறக்க இருந்தது. ஈரத்தோடு ஒரு சட்டியில் மாட்டி வடிவம் எடுத்தாள். மிஞ்சின நீளத்தை மடித்தாள், அது மூடியாக அமைந்தது. நான் விளிம்பு முழுக்கத் தடவினேன். அவள் போட்ட கடைசி முடிச்சைத் தேடினேன். விளக்கடியில் பிடித்தும் தேடினேன். இல்லை. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எல்லாக் கண்ணியும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. மூடினதா, திறந்து கிடக்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு பொருளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நெஞ்சில் இருந்த பாரம் முழுதாகப் போகவில்லை, ஆனால் மூச்சு வந்தது.

சீலன் உயிரோடு இருந்தான். எஞ்சின் பழுதாகி, நீரோட்டம் இழுத்து, இந்தியப் பக்கத்துக் கரையில் ஒதுங்கியிருந்தான். அங்கே அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். செய்தி வரப் பல கிழமை ஆனது. வந்த அன்று நான் பெரித்தின் வீட்டுக்கு ஓடினேன், செருப்பைக் கூடப் போடாமல் பனியில். பெரித்தின் புருஷனும் பிறகு நல்லபடியாகக் கரை சேர்ந்தார்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலத்தில் ஊருக்குப் போனேன். தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு வந்த சீலனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "என்னம்மா கதை இது? அப்படி ஒரு வழக்கம் நம்மட பக்கத்தில இல்லயே. வலையெல்லாம் கடையில நைலோன்ல வருது. ஆரு பின்றது, ஆரு மூடுறது?" பக்கத்தில் நின்ற கிழவர்களும் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். என் ஊர் மணலில் நின்றுகொண்டு, என் வீட்டு வழக்கத்துக்கு ஒரு சாட்சி இல்லாமல் வெட்கத்தோடு நின்றேன்.

திரும்பி வந்த அந்த மாரியில் பெரும் காற்று. படகுகள் வெளியே, பெரித்தின் புருஷனும் போயிருந்தார். பெரித்திடம் போனேன். அவள் ஜன்னலடியில் சிவப்புக் காலுறை ஒன்று கம்பியோடு கிடந்தது. பின்னி முடிந்திருந்தது, ஒரே ஒரு கண்ணி மட்டும் மூடாமல் கம்பியில் தொங்கியது. அதற்கு அப்பால் கறுப்புக் கடல். அங்கே கோப்பி குடித்துக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணுக்கு அவள் எதையோ விளங்கப்படுத்தினாள். அதில் "தலவில" என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

இதை வாசிக்கிறவர்களில் கற்பிட்டி, சிலாபம் பக்கத்து ஆட்கள் இருந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். கடைசிக் கண்ணியை மூடாமல் விடுகிற வழக்கம் நம் கரையில் இருந்ததா, இல்லை அது அந்த ஒரு நாளுக்கு என் அம்மா தன் பயத்தில் பின்னியதா? இங்கே கேட்கிறவர்களுக்குப் பிழையாகச் சொல்லிவிடக் கூடாது.