பத்து மணிக்கு தாதர்ல நிக்கேன்

நான்கு வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிந்த சமயம் மும்பையில், தாராவியில் தொடங்கியது இது. நான் செம்பூரில் இருக்கிறேன். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. தாராவியை ஒட்டிய மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள் என்றாலும் நாற்பது வயதுவரை அதற்குள் போனதே இல்லை. ரயிலிலிருந்து தகரக் கூரைகளைப் பார்த்ததோடு சரி. மகள் காலேஜில் சேர்ந்த பிறகு சனிக்கிழமைகளில் பொழுது போகவில்லை. தோழி ஒருத்தி சொன்னாளென்று அங்கே ஒரு சிறிய இலவச கிளினிக்கில் உதவிக்குப் போக ஆரம்பித்தேன். டாக்டர் மராத்திக்காரப் பெண்மணி. அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது என் வேலை.

அந்த வருடம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சோதனை முகாம் நடத்துவது என்று முடிவானது. எல்லோரையும் வரவழைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். நோய் முற்றினால் என்னவாகும் என்பதற்குப் பெரிய பெரிய படங்களாகத் தேடி எடுத்து, பேச்சையும் எழுதி வைத்துக்கொண்டேன். பை தைக்கும் பட்டறை ஒன்றின் மாடியில், தையல் மெஷின்களுக்கு நடுவே, நாற்பது பெண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருத்திகூட எழுந்து போகவில்லை. நன்றாகப் பேசிவிட்டோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சோதனைக்கு வந்தவர்கள் மூன்றே பேர்.

இவர்களுக்குத் தங்கள் உடம்பின் மேலேயே அக்கறை இல்லை என்று டாக்டரிடம் ஹிந்தியில் அலுத்துக்கொண்டேன். கிளினிக் வாசலில் நின்றிருந்த ஒரு பெண்ணின் காதில் அது விழுந்துவிட்டது. அதே பட்டறையில் பை தைப்பவள், திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள்.

"அப்படிச் சொல்லாதிய மேடம். நீங்க சொன்னது எல்லாருக்கும் நல்லா வெளங்குச்சி. அதாம் மத்தவ ஒருத்தியும் வரல. அந்தப் படத்தைப் பாத்த பொறவு எவளுக்குத் தைரியம் வரும்?"

அவள் தொடர்ந்தாள். "ஆமா, நீங்க இந்த டெஸ்ட் எடுத்திருக்கியளா?"

எடுத்ததில்லை. அத்தனை பேருக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தியவளுக்கு அது தோன்றவே இல்லை. இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப அடுத்த வாரம் மொதல்ல நீங்க எடுங்க. ரெண்டாவது நான் எடுக்கேன். மத்தவளுவ தானா வருவாளுவ. சும்மா வாங்கன்னு சொன்னா யாரும் வர மாட்டா மேடம். பேரும் டைமும் எழுதி ஆளுக்கொரு சீட்டு குடுங்க. ரெண்டு ரெண்டு பேரா வரச் சொல்லுங்க."

படங்களைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன். அவள் சொன்ன மாதிரியே சீட்டு எழுதிக் கொடுத்தோம். அடுத்த சனிக்கிழமை நான்தான் முதலில் உள்ளே போனேன். வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு வலித்ததா, எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார்கள். அன்று எங்களுக்கு மத்தியானம் சாப்பிடக்கூட நேரம் கிடைக்கவில்லை. அவ்வளவு கூட்டம்.

பத்து நாளில் ரிசல்ட் வந்தது. அந்தத் திருநெல்வேலிப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் செல்களில் ஏதோ மாற்றம் இருப்பதாகவும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும் டாக்டர் தனியாக அழைத்துச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தள்ளிப் போடாதீர்கள் என்றார்.

நான் தள்ளிப் போட்டேன். அவர் தந்த கடிதத்தை ஆபீஸ் மேஜை டிராயரில், ஃபைல்களுக்கு அடியில் வைத்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இந்த வாரம் ஆடிட், அடுத்த வாரம் மகளுக்குப் பரீட்சை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு ஐந்து வாரத்தை ஓட்டினேன். தினமும் டிராயரைத் திறந்தேன்; கடிதத்தை மட்டும் தொடவில்லை. அந்தப் பெண்கள் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு சனிக்கிழமை அந்தப் பை தைப்பவள் கிளினிக்குக்கு வந்து, "உங்க பேப்பர் வந்துட்டா?" என்று கேட்டாள். டாக்டர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். வந்துவிட்டது, இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டுமாம், ஆபீசில் வேலை அதிகம் என்று மழுப்பினேன்.

"மொத முகாமுக்கு நானும் மெஷின்ல வேலை கெடக்குன்னுதான் சொன்னேன்," என்றாள். என்ன பயம் என்றோ, ஏன் போகவில்லை என்றோ கேட்கவில்லை. "செவ்வாக்கெழம பத்து மணிக்கு தாதர் ஸ்டேஷன்ல, பூக்காரங்க பக்கத்துல நிக்கேன். அந்தப் பேப்பரை எடுத்துட்டு வந்துருங்க. டென்ஷன் எடுக்காதிய."

பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருத்தி மெஷினை நிறுத்திவிட்டு எனக்காக வந்து நிற்பாளே என்ற நினைப்பு. முந்தின நாள் ஆபீஸ் டிராயரிலிருந்து எடுத்து வந்திருந்த கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, குர்லாவில் ரயில் மாறி தாதரில் இறங்கினேன். கூட்டத்தில் தேடிப் பார்த்தால், நல்ல சேலை கட்டிக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும், "வாங்க, லைன் பெருசாகும் முன்ன போவோம்," என்று முன்னால் நடந்தாள். ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பை ஜிப் எப்படித் தைப்பது, அவள் மகனுக்குத் தமிழ் படிக்கவே வரமாட்டேனென்கிறது, இப்படி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டபோது என் கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் பின்னால் ஆகியிருக்கக்கூடும் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு சின்னச் சிகிச்சை. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குக் கணவரும் கூட வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லச் சிகிச்சைக்கு முந்தின நாள் இரவுதான் எனக்குத் தைரியம் வந்தது. இப்போது வருடத்துக்கு ஒரு முறை சோதனை செய்துகொள்கிறேன். நன்றாக இருக்கிறேன்.

கிளினிக்கில் இன்றும் முகாம் நடக்கிறது. பேச்சு கிடையாது, சீட்டும், கூட வர ஒரு ஆளும் உண்டு. யாராவது தயங்கினால் முன்பு எனக்குக் கோபம் வரும். இப்போது அந்த ஐந்து வாரங்கள் நினைவுக்கு வருகின்றன, உடனே அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளத்தான் தோன்றுகிறது.