கூண்டுக்குள் பாடுகிறவள்

என் அக்காவின் குரல் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். முகம் யாருக்கும் தெரியாது. பெரிய துணிக்கடையின் லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்று சொல்வது அவள்தான். மூன்று வருடமாக நாடக அரங்கில் பாடுகிறாள். அதுவும் மேடையில் இல்லை. மேடைக்கு இடது பக்கம், திரைக்குப் பின்னால், பலகையடித்த ஒரு சின்னக் கூண்டில்.

டிஸ்கோ காலத்துப் பாட்டுகளைக் கோத்து எடுத்த இசை நாடகம் அது. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு முடிதிருத்தும் பெண், ஒரு நடனக் கூடம், ஒரு காதல். பாட்டுக்கு நடுவே நாம் மூச்சு விட்டுக்கொள்ளத்தான் கதை. ஆடுகிறவர்களால் அந்தக் குதி குதித்துக்கொண்டு உச்சத்தில் பாட முடியாது. அதனால் அக்காவும் இன்னும் மூன்று பேரும் கூண்டுக்குள் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனும் எதிரே வாத்தியக் குழுத் தலைவரின் கையைக் காட்டும் சின்ன டிவியுமாகப் பாடுவார்கள். ஏசி நேராகத் தலையில் இறங்கும். கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, விடிய விடிய ஆடுவோம் வா என்று அக்கா உருகுவாள்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. "மொகம் தெரியாத வேலை ஒரு வேலையாடி?" என்று லிஃப்ட் நாளிலிருந்தே அக்காவின் தலையைத் தின்றவள் அம்மா. அவளுக்குப் பார்வை போய், வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சிய பிறகு, அக்கா ஒருநாள் வாய் கூசாமல் சொல்லிவிட்டாள்: "இப்ப மேடையிலதாம்மா. வெள்ளிக் கோட்டு போட்டு ஆடிப் பாடுறேன்." அன்று அம்மா இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபின் திருத்திச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

நாடகம் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். "கடைசி ஆட்டத்துக்காவது என்னைக் கூட்டிட்டுப் போங்க."

அக்கா என்னைத் தனியாக இழுத்தாள். "நீதான் பக்கத்துல உக்காந்து சமாளிக்கணும். தெரிஞ்சுதுன்னா செத்தேன்."

பொய் அவளுடையது, பாடு என்னுடையது. எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. விளக்குகள் அணைந்து, கூரையில் கண்ணாடி உருண்டை சுழலத் தொடங்கியது. வெளிச்சப் புள்ளிகள் சுவரில் ஏறி, மேலே நீந்தி, அம்மாவின் முகத்தில் மெல்ல ஊர்ந்து போயின.

"மழை மாதிரி இருக்குடி" என்றாள். "நனையாத மழை."

வெளியே வெயில் கொளுத்துகிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. பாட்டின் மேல் பாட்டாக வந்துகொண்டே இருந்தது. அரங்கம் மொத்தமும் தண்ணீருக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

"அவ எங்க நிக்கிறா?"

"நடுவுலம்மா."

"ஆடுறாளா?"

"ஆடுறாளாவா? சுத்துறா. கோட்டு மின்னுது பாரு." நன்றாகவே அளந்துவிட்டேன்.

அப்போது நாலு குரல்களும் ஒன்றாக மேலே ஏறின. மூன்று இறங்கிவிட, ஒன்று மட்டும் உச்சியில் நின்றது. நடுங்காமல், அறுந்துபோகாமல், அப்படியே நின்றது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது அவதானே?"

"ஆமாம்மா."

"சுத்துறவளுக்கு மூச்சு இப்படி நிக்காதுடி. மாடி ஏறினாலே இரைக்குற பொண்ணு அவ. எங்க உக்கார வச்சிருக்காங்க?"

அதற்குமேல் சமாளிக்கத் தெம்பில்லை. இடது பக்கத்துக் கூண்டு, சின்ன டிவி, தலையில் இறங்கும் குளிர், சால்வை, செருப்பு, எல்லாவற்றையும் அவள் காதோடு கொட்டிவிட்டேன். அம்மா என் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். புள்ளிகள் அவள் கன்னத்தில் போய்வந்தபடி இருந்தன. அக்கா மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய், அவளை நினைத்துப் பயமாக இருந்தது. இனி ஆயுசுக்கும் அவளுக்கு ஏச்சுதான் என்று நினைத்தேன்.

கடைசிப் பாட்டுக்கு அரங்கமே எழுந்து ஆடியது. அம்மாவும் என் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"இடது பக்கம்னுதானே சொன்ன?"

மேடையில் எல்லோரும் குனிந்து வணங்கிக்கொண்டிருக்க, அம்மா இடது பக்கத்து வெறும் சுவரைப் பார்த்துக் கைதட்டினாள். பக்கத்து இருக்கைக்காரர் பாவம், உதவப் பார்த்தார். "அம்மா, மேடை இந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும்" என்றாள் அம்மா. தட்டுவதை நிறுத்தவில்லை.

கூட்டம் கலைந்தபின் அக்கா இரைக்க இரைக்க ஓடி வந்தாள். உடை அறையில் யாரிடமோ கெஞ்சி வாங்கிய வெள்ளிக் கோட்டைப் போட்டிருந்தாள். அது அளவு பெரிதாகி விரல் நுனி வரை மூடியிருந்தது.

"என் ஆட்டம் எப்படிம்மா இருந்துச்சு?"

அம்மா அந்தக் கோட்டைத் தடவினாள். ஜிகினாவை மெல்ல வருடிக்கொண்டே தோள் வரை போனாள்.

"நல்ல கோட்டு. வாங்கினவங்ககிட்டயே குடுத்துட்டு வா" என்றாள். "சால்வை எங்கடி? அந்தக் கூண்டுல அப்படிக் குளிருதாமே."

அக்கா முதலில் என்னை முறைத்தாள். அப்புறம் அந்தப் பெரிய கோட்டோடு அம்மாவைக் கட்டிக்கொண்டு, குரல் உடைந்து அழுதாள்.