நெருப்புக் கதவு மேசை

போன ஞாயிறு நீங்கள் இரண்டு பேரும் கராஜைத் துப்புரவாக்க வந்தீர்கள். பெயின்ற் வாளிகளை வெளியே எடுத்தீர்கள், உடைந்த சைக்கிளை எடுத்தீர்கள், பிறகு அந்த மேசையைப் பிடித்து இழுத்தீர்கள். அது அசையவில்லை. "என்னப்பா இது, நிலத்தோட முளைச்சு நிக்குதோ?" என்று மகள் நீ கேட்டாய், எறியட்டோ என்று மகன் நீ கேட்டாய். நான் சிரித்துவிட்டு இருந்துவிட்டேன். வாயால் கதை சொல்லத் தொடங்கினால் நான் பாதியில் வேறு எங்கேயோ போய்விடுவேன் என்று உங்கள் அம்மா சொல்லுவார். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் நான் விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் பகுதியில் ஷிப்டில் இருந்தேன். என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் தன்னுடைய சுடும் கிளப்புக்கு ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நிலத்தில் குப்புறப் படுத்து, தூரத்தில் நிற்கும் கடதாசி வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டு அது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவன் அங்கே ஏன் போனாய் என்று பலபேர் கேட்டார்கள். போனேன், பிடித்துக்கொண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கும்போது தலைக்குள் ஒரு இரைச்சலும் இருக்காது. அந்த அமைதி எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

லைசென்சுக்கு எழுதிப்போட்டபோது பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, உங்களுக்கு இதில் சம்மதமா என்று கேட்டார். அம்மா "நோ புரொப்ளம்" என்று சொல்லி, அவருக்குத் தேத்தண்ணியும் ரோல்சும் கொடுத்தார். அவர் வாசலைத் தாண்டினதுதான் தாமதம், அம்மா என்னோடு கதையை நிறுத்திவிட்டார்.

கிளப்பில் பழையவர்கள் சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அவற்றைத் துடைத்து, அளந்து வெடிமருந்து போட்டு, நுனியில் புது ஈயச் சன்னம் வைத்து அமுக்கித் திரும்பவும் சுடப் பாவிப்பார்கள். கையால் கவனமாகச் செய்தால் ஒன்றைப் போலவே மற்றதும் இருக்கும். அதற்கு மேசையில் பூட்டுகிற ஒரு கைமிஷின் உண்டு. அதன் நீளமான கைபிடியைப் பலமாக இழுத்து அமுக்க வேண்டும். அந்த நேரம் மேசை துளியும் ஆடக்கூடாது. எனக்கும் அப்படிச் செய்ய ஆசை வந்தது. முதல் வேலையாக ஒரு பை நிறையக் கோதுகளைக் கொண்டுவந்து குசினியில் சமையல் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் பை இல்லை. பின்கதவு திறந்திருந்தது. அம்மா ரோசாச் செடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"இதில வைச்ச பை எங்கை?"

"தாட்டுப்போட்டன்."

"என்னத்துக்கு?"

அம்மா மண் பிடித்த தன் கைகளைப் பார்த்தார். "எனக்குத் தெரியேல்லை. கை தானாச் செய்துபோட்டுது."

நீங்கள் இங்கே பிறந்தவர்கள், இது உங்களுக்கு விளங்காது. ஊரில் ஆமிக்காரர் சுற்றிவளைத்துத் தேட வருகிற காலத்தில் வளவுக்குள் ஒரு வெறுங் கோது கிடந்தாலே போதும், வீட்டில் இருக்கிற ஆம்பிளைப் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். விடிந்ததும் முற்றம் கூட்டி, கிடக்கிற கோதுகளைத் தாட்டுவதுதான் சிறுபிள்ளையாக இருந்த அம்மாவின் வேலை. அவருக்கு இரண்டு அண்ணன்மார் இருந்தார்கள். இங்கே லண்டனில், ஹவுன்ஸ்லோவில் அத்தனை வருடம் இருந்த பிறகும் அந்தக் கை மறக்கவில்லை.

நான் கோபிக்கவில்லை. கரண்டி எடுத்துக் கிண்டினேன். கோதுகள் கொஞ்சம் குறைந்தன, மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"உந்தச் சாமான் வீட்டுக்குள்ள கிடந்தால் எனக்கு நித்திரை வராது," என்றார் அம்மா.

"அப்ப நான் விடுறன்."

"விடச் சொல்லி நான் சொல்லேல்லை. பாப்பம்."

அம்மாவின் 'பாப்பம்' எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பயணம், நாய்க்குட்டி, காதுகுத்து, எல்லாவற்றுக்கும் நீங்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதன் மேல் வீடும் கட்டலாம், அதை நம்பி ஏமாறவும் செய்யலாம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் மேசை வேலை தொடங்கினேன்.

பக்கத்துத் தெருவில் பள்ளிக்கூடம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். குப்பை போடுகிற பெரிய இரும்புத் தொட்டிக்குள் இரண்டு நெருப்புக் கதவுகள் சாத்திக் கிடந்தன. நெருப்புப் பிடித்தால் தடுத்து நிற்பதற்காக உள்ளே வெற்றிடம் இல்லாமல் செய்த சோடிக் கதவுகள். வேலைக்காரரிடம் கேட்டேன், கொண்டுபோ என்றார்கள். அந்தக் கிளப் நண்பரின் வான் வண்டியில் ஏற்றிவந்து இறக்கினபோது எங்கள் இருவருக்கும் இடுப்பு விட்டுப்போனது.

ஒரு கதவை மேல்மாடிச் சின்ன அறைக்குக் கொண்டுபோய், தடித்த கால்கள் பூட்டி, சுவரோடு சேர்த்து இறுக்கினேன். மலை மாதிரி நின்றது. மிஷினைப் பூட்ட முதல், கைபிடிக்குப் பதிலாக ஒரு கட்டையை விளிம்பில் கட்டி இழுத்துப் பார்த்தேன். கீழே இருந்து மகன் நீ கத்தினாய். "அப்பா, பிள்ளையார் ஆடுறார்."

பின்னாலேயே அம்மாவின் குரல். "மேலை என்ன, தேர் இழுக்கிறியளோ?"

இறங்கிப் பார்த்தால் ஹோலில் சாமிப்படங்கள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்திருந்தன. மேசையில் பிழை இல்லை. இந்தப் பழைய லண்டன் வீடுகளின் மேல்மாடி வெறும் பலகைதானே, மேசை இழுக்கிற பக்கம் வீடும் சேர்ந்து வருகிறது. சீமெந்து நிலம் வேண்டும். சீமெந்து நிலம் இருந்தது கராஜில். கராஜோ அம்மாவின் ராச்சியம். அரிசி மூட்டைகள், பெரிய பிரீசர், ஆட்கள் கூடினால் சமைக்கிற பெரிய கிடாரங்கள், எல்லாம் அங்கேதான்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது மெல்லக் கேட்டேன்.

"கராஜில அரைவாசி தரலாம்," என்றார் அம்மா. "ஆனா முதல் எனக்கு ஒண்டு செய்து தாங்கோ."

"உமக்குத்தான் மேசை இருக்கே."

"அது மேசையோ? துருவலையைப் பூட்டிச் சுத்தினால் தேங்காயோட சேந்து நானும் சுத்துறன்."

அது உண்மைதான். மேசை விளிம்பில் இறுக்கி, கைபிடியைச் சுற்றித் தேங்காய் துருவுகிற அந்தச் சாமானை எந்தக் கடை மேசையும் தாங்கவில்லை. அம்மா தேங்காய் துருவினால் நான் மற்ற முனையில் ஏறி இருக்க வேண்டும்.

ஆகவே மேல்மாடிக் கதவைக் கழற்றி இறக்கி, குசினிக்குப் பின்னால் நாங்கள் கூரை இறக்கி இழுத்துக் கட்டிய சீமெந்து நிலப் பத்தியில் அம்மாவுக்கு மேசை செய்தேன். அம்மா ஒரு முனையைப் பிடிக்க நான் மறுமுனையில் திருகினேன். முதலில் கால்களுக்குக் குறுக்குச் சட்டம் போடவில்லை, மேசை மேலும் கீழும் ஆடாமல் பக்கவாட்டில் ஆடியது. கழற்றிக் குறுக்குச் சட்டம் போட்டேன். சின்ன ஆணிகளை எடுத்துவிட்டுப் பெரிய போல்ட் போட்டேன். துருவலை இறுக்குகிற முன்விளிம்புக்குக் கீழே இன்னொரு பலகை கொடுத்தேன். கதவில் பூட்டு இருந்த துளையை மட்டும் அடைக்க நேரம் வரவில்லை. பிறகு அந்தத் துளையால் நீங்கள் பென்சிலும் மாபிளும் போட்டு விளையாடினதில், அடைக்க மனமும் வரவில்லை.

மேசை முடிந்த அன்று அம்மா முட்டத் தண்ணீர் வார்த்த கிளாஸ் ஒன்றை அதன்மேல் வைத்துவிட்டுத் தேங்காய் துருவினார். தண்ணீர் தளும்பியது, சிந்தவில்லை. ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்தார்.

"ஆரும் சாப்பிட வருகினமோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"பின்னை என்னத்துக்கு உவ்வளவு தேங்காய்?"

"சும்மா," என்றார். முகத்தில் சிரிப்பு. அந்தக் கிழமை முழுக்க எங்களுக்குத் தேங்காய்ச் சம்பலும் தேங்காய்ப்பால் சொதியும்தான்.

மற்றக் கதவு கராஜுக்குப் போனது. முதல் மேசையில் விட்ட பிழை ஒன்றும் இதில் இல்லை. சுவரிலும் நிலத்திலும் போல்ட் அடித்து இறுக்கினேன். முடிந்ததென்று சொன்னவுடன் அம்மா துருவலையையும் பாதித் தேங்காயையும் கொண்டுவந்துவிட்டார்.

"இதில ஒருக்காத்தான்," என்றேன். "மிஷின் வந்தால் ஏலாது. ஈயம் படுற மேசையில சாப்பாட்டுச் சாமான் தொடக்கூடாது."

"தெரியும். பேசாம நில்லுங்கோ."

பூட்டிச் சுற்றினார். பாதித் தேங்காய் முடியும்வரை மேசை மூச்சு விடவில்லை. அம்மா துருவலையைக் கழற்றி, மேசையைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் மிஷின் பெட்டியைத் திறப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அம்மா திரும்பி வந்தபோது கையில் தேத்தண்ணி வடிக்கிற வடி. அதற்குள் கழுவின பித்தளைக் கோதுகள், ஈரத்தோடு.

"உதுகள் எங்கையிருந்து?"

"கறிவேப்பிலைச் சாடிக்குள்ள. கொஞ்சத்தை வேறையாத் தாட்டனான். நீங்கள் அதைக் கிண்டமாட்டியள் எண்டு தெரியும்."

குளிர் தொடங்கினால் பிள்ளையைப் போல உள்ளே தூக்கி வைக்கிற சாடி அது. நான் எப்படிக் கிண்டுவேன்?

அம்மா கோதுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சீலைத் தலைப்பில் துடைத்து, மேசையில் நிமிர்த்தி வைத்தார். ஒன்றும் விழவில்லை.

"சரியோ?"

"சரி."

"கராஜைப் பூட்ட மறக்காதேங்கோ. பிள்ளையள் இருக்குதுகள்."

அவ்வளவுதான் சம்மதம். அதன் பிறகு எத்தனை ஞாயிறுகளை நான் அந்த மேசையில் கழித்தேன். உள்ளே இருந்து அம்மாவின் துருவலைச் சத்தம் கேட்கும், இங்கே என் கைபிடி ஏறி இறங்கும். கதவடியில் நின்று "அப்பா, சாப்பிட வரட்டாம்" என்று நீங்கள் கூப்பிடுவீர்கள். கை கழுவாமல் வந்தால் அம்மா சாப்பாட்டுக் கோப்பையைத் தரமாட்டார்.

தோள்மூட்டு நோகத் தொடங்கியதும் துவக்கை விற்று, லைசென்சைத் திருப்பிக் கொடுத்தேன். மிஷின் கிளப் நண்பரிடம் போனது. அது பூட்டியிருந்த துளைகள் மேசையின் முன்விளிம்பில் இருக்கின்றன, படிந்த தூசுக்குள் நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன், பிள்ளைகள் அந்த மேசையை எறியட்டோ என்று கேட்கிறார்கள், என்ன சொல்ல என்று. அவர் மற்ற மேசையில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பாப்பம்," என்றார்.

ஆகவே வாற ஞாயிறு பெயின்ற் வாளிகளை மட்டும் கொண்டுபோங்கோ.