பாதி மேடம்

காலையில் அவள் சிஸ்டர். மத்தியானம் டிபன் டப்பாவைக் கழுவி மூடியதும் மேடம்.

ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகத்தின் நர்சிங் கல்லூரிக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். அந்தச் சந்தில் நடந்துகொண்டே வார்டு கோட்டைக் கழற்றிக் கல்லூரிக் கோட்டை மாட்டிக்கொள்வாள். ஒரு கை வெள்ளையிலும் ஒரு கை நீலத்திலும் இருக்கும்போது பார்த்துவிட்ட கேன்டீன்காரர்தான் "வணக்கம் பாதி மேடம்" என்று ஆரம்பித்துவைத்தார். அவருக்கு அடுப்பைவிட வாய்க்கு வேலை அதிகம். ஒரே வாரத்தில் பெரிய டாக்டர் முதல் கூட்டுகிற அம்மா வரைக்கும் அவளுக்கு அதுதான் பெயர்.

கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அவர் காதுக்கும் அந்தப் பெயர் எட்டியது.

"ஆஸ்பத்திரிக்குப் பாதி, காலேஜுக்குப் பாதி. அப்போ எனக்கு?"

"உங்களுக்கு மிச்சம்."

"பாதியும் பாதியும் போனா மிச்சம் ஏதுடி?"

"இதோ உங்க சட்டையத் துவைச்சிக்கிட்டு இருக்குதே, அதான்."

அவள் ஆசைப்பட்டு மேடம் ஆகவில்லை. படிக்கும்போதே சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும் என்பதற்காக நர்சுக்குப் போனவள். ஆபரேஷன் வார்டில் நின்று நின்றே வயது ஆனது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும், பதவி உயர்வுக்கு ஆகும் என்று சாயங்காலம் சாயங்காலமாகப் போய் ஒரு பட்டம் வாங்கினாள். பதவி உயர்வு வரவில்லை. பட்டம் மட்டும் இருக்கிறது என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்துபோனது. வினை அங்கேதான்.

கல்லூரியை ஒரு பழைய அச்சகக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். மழை பெய்தால் சுவரெல்லாம் மை வாசம். பாடம் படிக்க ஒரே ஒரு பொம்மை. எத்தனை பேர் ஊசி போட்டாலும், குளிப்பாட்டினாலும், புரட்டினாலும் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கும் அதற்குப் பெண்கள் வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. மாப்பிள்ளைக்கு ஒரு கை கழன்றுவிட்டது. மாற்றுக் கை கேட்டு எழுதிப்போட்டார்கள். கை வரவில்லை, கூடுதல் மாணவிகள்தான் வந்தார்கள்.

சொல்லிக்கொடுக்க வந்தவர்களோ நிற்கவில்லை. ஒருத்தி வெளிநாடு போனாள். ஒருத்தி பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. இன்னொருத்தி எதிர்த்தெருவில் மருந்துக்கடை வைத்த கம்பவுண்டரோடு கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள் என்றும், அதற்கு முன்பிருந்தே அந்தக் கடையில் அவளுக்கு அடிக்கடி தலைவலி மாத்திரை தேவைப்பட்டது என்றும் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். விளம்பரம் கொடுத்தால் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. கல்லூரியின் தலைவி, எல்லோரும் பெரிய மேடம் என்று சொல்கிற அம்மாள், கடைசியில் வார்டில் கை வைத்தார். நர்ஸ் பற்றவில்லை என்பதற்காகக் கல்லூரி. கல்லூரியில் ஆள் பற்றவில்லை என்பதற்காக வார்டு நர்ஸ். இதைப் பெரிய மேடத்திடமே ஒருநாள் பாதி மேடம் கேட்டுவிட்டாள்.

"இங்க ஒரு ஆளை எடுத்தா அங்க ஒரு ஆள் குறையுதே மேடம்?"

"தெரியும்மா. நாலு வருஷம் பல்லைக் கடிச்சா நூறு ஆள் வெளிய வரும். அதுவரைக்கும் யாராவது ரெண்டு எடத்துல நிக்கணும். உன்னை விட்டா யாரு இருக்கா?"

பெரிய மேடம் பொய் சொல்கிறவர் இல்லை. வயிற்றெரிச்சல் மாத்திரையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, விடுமுறையே எடுக்காமல் கல்லூரியைத் தள்ளிக்கொண்டிருந்த மனுஷி. அந்த வருஷம் இடங்களை இரண்டு மடங்காக்க அனுமதி கேட்டிருந்தார். அனுமதி கொடுக்கிற நர்சிங் கவுன்சில்காரர்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்று கட்டடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். மை வாசம் போய் சுண்ணாம்பு வாசம் வந்தது.

பத்துப் பேருக்கு ஒரு மேடம் என்பது அவர்களே எழுதிவைத்த விதி. ஆனால் ஒருநாள் காலை ஆபரேஷன் வார்டில் முதல் வருஷத்துப் பெண்கள் நாற்பது பேரோடு பாதி மேடம் ஒருத்தி நின்றாள். மேடமாகவும் அவளேதான், வார்டு சிஸ்டராகவும் அவளேதான். பாடம், பிரஷர் பார்ப்பது.

எல்லா நோயாளியும் கையைக் கொடுக்க மாட்டார்கள். ஒருவர் கொடுத்தார். சாரத்திலிருந்து விழுந்து, விலாவில் ஊமைக்காயத்தோடு சும்மா பார்வையில் வைத்திருந்த பெயிண்டர்.

"வாங்கம்மா வாங்க. சுவத்துக்கே மூணு கோட்டு அடிக்கிறவன் நான். எத்தனை தடவை வேணும்னாலும் அமுக்குங்க."

"வலிக்கலையா அண்ணே?"

"பொண்டாட்டி கிள்ளுறதவிடவா?"

பக்கத்திலிருந்த மனைவி சிரித்துக்கொண்டே அவர் தொடையில் ஒன்று வைத்தாள். பிறகு மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போனாள்.

விடிகாலையில் அவருடைய பிரஷர் நூற்றுப்பத்து என்று கட்டில் பலகையில் எழுதியிருந்தது. முதலில் பார்த்த பெண்களுக்கும் ஏறக்குறைய அதுவே கேட்டது. நேரம் போகப் போக ஒருத்திக்கு நூறு, இன்னொருத்திக்குத் தொண்ணூற்றைந்து. புதிதாக ஸ்டெத்தைக் காதில் வைத்தவளுக்கு என்ன தோன்றும்? நம் காதுதான் சரியில்லை என்று தோன்றும். பலகையை ஓரக்கண்ணால் பார்த்து அதையே எழுதிவிட்டு நகர்ந்தார்கள். பெயிண்டரின் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் ஜோக் அடிப்பதை நிறுத்தியிருந்தார். 'பாவம், அசந்துட்டாரு' என்று சத்தம் போடாமல் கை மாற்றிக் கை மாற்றி அமுக்கினார்கள்.

கடைசி வரிசையில் ஒரு பெண். பஞ்சர் கடைக்காரர் மகள். பக்கத்தில் நின்றால்கூடப் பேசுவது கேட்காது என்பதால் தோழிகள் அவளுக்கு வைத்த பெயர் 'மியூட்'. அவளுக்கு எண்பது என்று கேட்டது. பிரஷர் பட்டையைக் கழற்றி மறுபடி சுற்றினாள். அப்போதும் எண்பதுதான். தயங்கித் தயங்கிப் பாதி மேடத்திடம் வந்தாள்.

அந்த நேரம் பாதி மேடம் ஒரு தோளில் போனை இடுக்கியிருந்தாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து யாரோ ஏசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையால் தீரப்போகிற டிரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் "மேடம், மேடம்" என்றார்கள்.

"மேடம்... அந்த அண்ணனுக்கு எம்பதுதான் கேக்குது."

"காதைக் கழுவிட்டு வந்து மறுபடி கேளு, போ."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மியூட்டும் சிரித்தாள். போய் நூற்றுப்பத்து என்று எழுதினாள்.

மத்தியானம் பாதி மேடம் நாற்பது பேரையும் அழைத்துக்கொண்டு சந்தைத் தாண்டினாள். வார்டுக்கு வேறொரு சிஸ்டர் வந்தாள், ஒரே ஆளாக. அவள் பெயிண்டரின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தபோது அவர் கை ஜில்லென்று இருந்தது. ஓடினார்கள், தள்ளுவண்டியில் போட்டார்கள். தியேட்டர் வாசலோடு முடிந்தது.

மறுநாள் அவருடைய மனைவி செருப்பையும் சட்டையையும் வாங்கிப்போக வந்தாள். பாதி மேடத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரையும் குறை சொல்ல மாட்டேன் சிஸ்டர். அத்தனை பிள்ளைங்க சுத்தி நின்னு மாத்தி மாத்திப் பாத்துச்சுங்க. ராஜாவுக்குக்கூட அப்படிப் பாக்க மாட்டாங்க. அப்படியும் போயிட்டாரே."

பாதி மேடம் சட்டையை நான்காக மடித்து அவள் பையில் வைத்தாள். அன்றிரவு சோற்றில் கை வைத்தவள் அப்படியே எழுந்துவிட்டாள்.

விஷயம் அமுங்கவில்லை. இரண்டு பெண்கள் விடுதியில் உளறிவிட்டார்கள், மியூட்டுக்கு எண்பது கேட்டதாம் என்று. அதை அவள் யாரிடம் போய்ச் சொன்னாள் என்பதை மட்டும் கவனமாக விழுங்கிவிட்டார்கள். மார்க் போடுகிற மேடம் அல்லவா. பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். அதற்கு முந்தின நாளே பெரிய மேடம் பாதி மேடத்தைக் கூப்பிட்டு விட்டார்.

"நீ ஒண்ணும் பேசாத. போனா ஒரு பொண்ணுதான் போவா. உன் பேரு அடிபட்டா அனுமதியே போயிடும்."

"அந்தப் பொண்ணு என்ன மேடம் பண்ணுவா?"

"வேற எதாவது படிப்பா. எனக்கு மட்டும் மனசு இல்லன்னு நினைக்கிறியா?"

பாதி மேடத்துக்கு அந்தப் பெண் வேறு எதுவும் படிக்கக் கூடாது. அவ்வளவு சந்தடியில் ஒருவரின் ரத்தத்தைச் சரியாகக் கேட்ட காது அது. வார்டில் இத்தனை காலம் இருந்தவளுக்கு அப்படிப்பட்ட காது எத்தனை அபூர்வம் என்று தெரியும். அதைக் காப்பாற்றிவிட்டால் போதும், தன்னை என்ன செய்தாலும் சரி என்று முடிவு செய்தாள்.

விசாரணை அறையில் அதிகாரிக்குப் பக்கத்தில் பெரிய மேடமும் பாதி மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். மியூட் சுவரோரம் நின்றாள்.

"உனக்கு எம்பது கேட்டுச்சா?" என்றார் அதிகாரி.

"எனக்குத் தப்பா கேட்டிருக்கும் சார்."

"சத்தமா சொல்லும்மா."

"தப்பா கேட்டிருக்கும்."

"கேட்டது ஒண்ணு, எழுதினது ஒண்ணு. இது மோசடியா இல்லையா? நீக்கிடலாம் மேடம், கவுன்சில்காரங்க வர்றதுக்குள்ள முடிச்சிடுவோம்."

"அவ எங்கிட்ட வந்து சொன்னா சார்," என்றாள் பாதி மேடம்.

பெரிய மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"காதைக் கழுவிட்டு வான்னு விரட்டினது நான்தான். அவளுக்குத் தப்பா கேக்கல சார். சரியாத்தான் கேட்டுது. நான் திரும்பிப் பாத்திருந்தா அந்த மனுஷன் இன்னிக்கு இருந்திருப்பாரு."

சொல்லிவிட்டுப் பெண்ணைப் பார்த்தாள். அந்த முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். கன்னத்தில் ஓங்கி அறைந்ததுபோல் அந்த முகம் வெளுத்தது.

இருவரையும் வெளியே அனுப்பினார்கள். உள்ளே நடந்ததை டீ கொண்டுபோன பியூன் வந்து சொன்னான். பாதி மேடத்தையும் நீக்கலாம் என்றாராம் அதிகாரி. "தாராளமா நீக்குங்க. ஆனா அவ போனா நமக்கு ஆள் ஒண்ணு குறையும், கவுன்சில்ல இடம் கூட்டித் தர மாட்டாங்க. அவ இடத்துக்கு நீங்க வந்து ஊசி போடச் சொல்லித் தர்றீங்களா?" என்றாராம் பெரிய மேடம். அதிகாரி டீயைக் குடித்து முடித்தார். வாய்மொழியாக ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். பெண்ணும் படிப்பைத் தொடரலாம். அந்தக் கல்லூரியில் தண்டனை கொடுக்கக்கூட ஆள் பற்றவில்லை.

ஆனால் மியூட் வரவில்லை. நாலைந்து நாள் பார்த்துவிட்டுப் பாதி மேடம் பஞ்சர் கடைக்கே போனாள்.

"வாங்க மேடம், வாங்க," என்று அப்பாக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "வாயத் தொறக்க மாட்டேங்குறா. நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

மகள் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. எல்லாம் முடிஞ்சிடுச்சு. நாளைக்கு வந்துடு."

"இல்ல மேடம்."

"தப்பு என்னுதுதான்னு அதிகாரி முன்னாடியே சொல்லிட்டேனே. இன்னும் என்ன?"

அவள் டியூபைத் திருப்பித் திருப்பி அமுக்கினாள். பேச்சு தண்ணீரைப் பார்த்தே வந்தது.

"விசாரணைக்கு முந்தின நாள்வரைக்கும் நான் நல்லா தூங்கினேன் மேடம். கத்துக்குட்டிதானே, தப்பா கேட்டிருக்கும், போகப் போக சரியாயிடும்னு நினைச்சிக்கிட்டேன். நீங்க சரியாத்தான் கேட்டுதுன்னு சொன்னதுக்கப்புறம்தான் முடியல. சரியா கேட்டுட்டு நூத்திப்பத்துன்னு எழுதினேனே. எல்லாரோடயும் சேந்து சிரிச்சேனே."

"உன்னைக் காப்பாத்தத்தான்மா சொன்னேன்."

"தெரியும் மேடம். நீங்க நல்லவங்க."

தொட்டியில் ஒரு குமிழ் வந்தது. மகள் அந்த இடத்தில் விரலை வைத்து, துடைத்து, சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டாள்.

"இங்க ஓட்டைன்னா ஓட்டைதான் மேடம். போய் மறுபடி பாருன்னு யாரும் சொல்றதில்ல."

பாதி மேடம் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். சாப்பிட்டுப் போகச் சொன்னார் அப்பாக்காரர். இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், பஸ் வந்தும் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.

அனுமதி கிடைத்தது. இடங்கள் இரண்டு மடங்காயின. பல்கலைக்கழகம் அவளை முழுநேரமும் எடுத்துக்கொண்டது, இனிமேல் கோட்டு மாற்ற வேண்டியதில்லை. ஆபரேஷன் வார்டில் அவள் இடத்துக்கு யாரையும் போடவில்லை. மாணவிகள்தான் எப்போதும் இருக்கிறார்களே என்று சொல்லிவிட்டார்களாம்.

புது வகுப்பின் முதல் பாடம். பெஞ்சு போதாமல் பெண்கள் ஜன்னல் விளிம்பிலும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டையைக் கையில் எடுத்தவள் வழக்கமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"காதுல என்ன கேக்குதோ அதைச் சொல்லுங்க. பலகையில என்ன இருந்தாலும் சரி. நூறு தடவை தப்பா கேட்டாலும் சொல்லுங்க."

பின்னாலிருந்து ஒருத்தி எழுந்தாள். குறும்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகம்.

"யாருகிட்ட மேடம் சொல்லணும்?"

"எங்கிட்ட."

"நாங்க இத்தனை பேருமா மேடம்?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவள் அந்தத் தலைகளை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை பார்த்தாள்.

"ஆமா, எல்லாரும்தான்," என்றாள். ஜன்னலில் இருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தாள்.