போவன்பள்ளியில் ஒரு மலை எஞ்சின்

போவன்பள்ளி காய்கறிச் சந்தைக்குப் பின்னால் ஒரு பட்டறையில் நிற்கிறேன். மலைக்காடுகளில் தேக்கு இழுத்த சின்ன நீராவி எஞ்சின் பல வருடங்களுக்குப் பிறகு இன்று சூடேறுகிறது. அதைப் பழைய இரும்பாக வாங்கிச் சீராக்கியவர் செகந்திராபாத் தமிழரான ஸ்டெல்லா.

"பாய்லர் தாங்குமா?" என்கிறேன்.

"ஹவ், தாங்கணும். நீங்க கிட்ட நக்கோ, கேட் பக்கம் நில்லுங்க," என்று ஆமாமுக்கும் வேண்டாமுக்கும் ஊர் உருதுச் சொற்களைக் கலந்து சொல்கிறார்.

நெம்புகோலை இழுக்கிறார். என் காலடியில் தரை அதிர்கிறது. சோதனைக்காகப் பின்னால் பிணைத்திருந்த, ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரத்தை, யானை உயரம்கூட இல்லாத அந்த எஞ்சின் புகை கக்கியபடி இழுத்துப்போகிறது. பட்டறைக்குள் போட்ட தண்டவாளம் முடியுமிடத்தில் நிறுத்துகிறார்.

மதில்மேல் ஏறிப் பார்த்த சந்தைச் சுமைக்காரர் ஒருவர், "இங்கோசாரி, அம்மா" என்று தெலுங்கில் இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிக் கேட்கிறார்.

ஸ்டெல்லா எஞ்சினைப் பின்னால் நகர்த்துகிறார்.